சத்தம் போடாமல் நாற்பத்தெட்டு நாள்

படகில் சத்தம் போடாமல் தொழில் செய்ய முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனைவி இருபத்தாறு வருடமாக இதை நம்பவில்லை. என்ஜின் ஒரு பக்கம் அலறும். காற்று ஒரு பக்கம் இழுக்கும். ஆறு பேர் ஆறு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கண்ணை ஒருவர் குத்தப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் குழைந்து பேசிக்கொண்டிருந்தால் யாருக்காவது கண் போய்விடும்.

ஆனால் நான் வீட்டிலும் அப்படித்தான் பேசினேன். அங்கே என்ஜின் இல்லை.

நான் பினாங்கில் தெக்கோங். படகு ஓட்டுகிறவன் என்று அர்த்தம், ஆனால் ஓட்டுவது பாதி வேலைதான். மீன் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை ஜெலுத்தோங் படகுத்துறையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மீன் எங்கே நிற்கும் என்று காட்ட வேண்டும். இரை மாட்டிக் கொடுத்து, சிக்கெடுத்து, வாந்தி எடுத்தால் முதுகைத் தடவி, எல்லாரையும் முழுசாகக் கரை சேர்க்க வேண்டும். கிட்டத்தில் போனால் தீவையும் அக்கரையையும் இணைக்கிற பாலத்தின் தூண்களுக்கு அடியில் அரை நாள். தூரத்தில் போனால் கெண்டித் தீவைத் தாண்டி மேற்கே மூன்று மணி நேரம் ஓட்டம், விடியலில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புவோம்.

தைப்பூசமும் சீனப் பெருநாளும் முடிந்தால் எங்களுக்கு சீசன். வருடக் கடைசிக் காற்று அடங்கிவிடும். மழை நின்று தண்ணீர் தெளியும். எல்லாருக்கும் திடீரென்று மீன் ஆசை வரும். இந்த வருடம் அந்த இரண்டு மாதமும் நான் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் மனைவி அக்கரையில், செபராங் ஜெயாவில் அவள் அக்கா வீட்டுக்குப் போனது தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம். அன்று ஒரு கடைத்தொகுதியில் காரை நிறுத்தும்போது தூணில் உரசிவிட்டாள். உரசல் விரல் நீளம்கூட இல்லை. நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தான். வந்தவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று, ஒன்றும் ஆகவில்லையே என்று மலாயில் கேட்டான். நான் அடிக்கிறவன் என்று நினைத்துவிட்டான். நான் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அதை அவனிடமும் கத்தித்தான் சொன்னேன்.

அவள் பிறையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வேலைக்குக் கிட்டமாக இருக்கட்டும் என்று போயிருப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள் என்றாள். நானும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. எங்கள் அடுக்குமாடியில் சுவர் மெல்லிசு.

தைப்பூசத்தன்று அவளே போன் செய்தாள்.

"பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுங்க. அதுக்கு முன்ன நாப்பத்தெட்டு நாள் விரதம் இருங்க."

"இருக்கேன். கவிச்சி தொடமாட்டேன், தண்ணி அடிக்கமாட்டேன்."

"அதெல்லாம் ஊர்ல எல்லாரும்தான் இருக்காங்க. நீங்க சத்தம் போடாம இருங்க. வீட்ல இல்ல. வீட்ல யாரு இருக்கா சத்தம் போட? போட்ல. ஒரு நாள்கூட யாரையும் கத்தக் கூடாது. முடிச்சுட்டு வாங்க, அப்புறம் நான் திரும்பி வர்றதா இல்லையான்னு பேசலாம்."

"உனக்கு எப்படித் தெரியும் நான் கத்தலன்னு?"

"என் தம்பி எதுக்கு இருக்கான்?"

அவள் தம்பி என் படகில் ஆறு வருடமாகக் கூட வேலை செய்கிறான். நாற்பது வயது ஆள். நங்கூரம் போடுவது, இரை பார்ப்பது, விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. இப்போது அதோடு என்னை வேவு பார்க்கிற வேலையும் சேர்ந்தது. தினமும் கரைக்கு வந்ததும் அக்காவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்புவான். என் முன்னாலேயே அனுப்புவான். "அக்கா, இன்னிக்கு பதினாலாவது நாள். சத்தம் இல்ல. பல்லக் கடிச்சாரு, அது கணக்கில்லலா."

முதல் வாரம் வந்தவர்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்காரர்கள் நான்கு பேர். பாலத்தூண்களுக்கு அடியில் கட்டினோம். அங்கே தண்ணீர் சுழன்று ஓடும், தூணை ஒட்டி சியாக்காப் நிற்கும். இந்தியாவில் கொடுவா என்பார்களே, அந்த மீன். உயிர் இறாலை மாட்டி மெதுவாக இறக்கினால் போதும். ஒருவர் அதைக் கேட்காமல் கையை முழுசாக வீசித் தூண்டிலைத் தூணிலேயே மாட்டினார். இன்னொருவர் உயிர் இறால் வாளிக்குக் காற்று ஊதும் குழாயின்மேல் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரத்தில் பாதி இறால் செத்துப்போனது. நான் கத்தக் கூடாதே என்று ஸ்பேனரை எடுத்துச் சுக்கான் அறையின் சட்டத்தில் தட்டினேன். அவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, என்ஜின் கெட்டுப் போச்சா?" என்றார்.

மச்சினன் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் பக்கத்தில் வந்தான். "மச்சான், கழுத்து நரம்பு தெரியுது. மூச்ச உள்ள இழுங்க."

"நீ வாய மூடு."

"இது மெதுவாத்தான் சொன்னீங்க. பாஸ் போட்டாச்சு."

அவனைத் தண்ணீரில் தள்ளினால் அது சத்தத்தில் சேருமா என்று யோசித்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், கத்தாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. படகு இல்லாத நாளில் வீட்டில் உட்கார முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மீன்தலைக் கறி வாசம் மூக்கில் ஏறும், வேகத்தைக் கூட்டிக் கடப்பேன். பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போவேன். எந்தத் தூணுக்குக் கீழே நேற்றுக் கட்டியிருந்தேனோ அதன் தலைக்கு மேலேயே போவேன். செபராங் ஜெயாவில் அவள் அக்கா வீடு இருக்கிற வரிசையை ஒரு சுற்றுச் சுற்றுவேன். அவள் செருப்பு வாசலில் இருக்கும், அல்லது இருக்காது. இருந்தால் ஒரு மாதிரி எரிச்சல், இல்லாவிட்டால் இன்னொரு மாதிரி எரிச்சல். நிறுத்தாமல் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வந்து தவ்ஃபூ என்கிற சோயாக் கட்டியைப் பொரித்துச் சோற்றில் போட்டுத் தின்பேன். தின்று முடிப்பதற்குள் எழுந்து நடப்பேன். ஒரு மாதம் இதே கூத்து.

முப்பத்தொன்றாவது நாள் அது நடந்தது.

கிட்டத்து ஓட்டம்தான், ஜெரஜாக் தீவுக்குப் பின்னால். மூன்று பேர். அதில் ஒருவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. ரோட், ரீல், தொப்பி, கண்ணாடி எல்லாம் புதுசு, விலைச்சீட்டு மட்டும்தான் தொங்கவில்லை. அவர் தூண்டிலில் ஒரு செம்பிலாங் ஏறியது. அது கறுப்பாக, வழவழவென்று இருக்கும் கடல் கெளுத்தி. முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள், மூன்றிலும் விஷம். நாங்கள் யாரும் அதைக் கையால் தொட மாட்டோம், குறட்டால் பிடித்துத் தூண்டில் நரம்பை வெட்டிவிடுவோம்.

மச்சினன் பின்பக்கம் அடுத்தவருக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். நான் சுக்கானில் நின்றேன், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மீனைப் படகுக்குள் தூக்கிப் போட்டார். கையை நீட்டினார். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"அத தொடாதீங்க சார்," என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உப்புக் கேட்கிற குரலில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

முள் உள்ளங்கையில் ஏறி உள்ளேயே ஒடிந்தது. அவர் போட்ட சத்தம் இருக்கிறதே, நான் வாழ்நாளில் போட்டதையெல்லாம் சேர்த்தாலும் அது வராது. ஃபிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரைப் பொறுக்கிற சூட்டுக்குக் கலந்து கையை அமுக்கி வைத்தோம், விஷத்துக்கு அதுதான் முதல் வைத்தியம். நான் முழு வேகத்தில் கரைக்கு ஓட்டினேன். பெரிய மனிதர், குழந்தை மாதிரி அழுதுகொண்டே வந்தார். படகுத்துறையில் காரில் ஏற்றும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

நான் என்ன சொல்வேன்? விரதம் என்றா?

மருத்துவமனையில் கீறி முள்ளை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை.

முள் குத்திய அன்று சாயங்காலம் மச்சினன் வழக்கம்போலக் குரல்பதிவு அனுப்பினான். அவன் குரலில் கிண்டல் இல்லை. "அக்கா, ஒரு ஆளுக்கு செம்பிலாங் குத்திருச்சு. அதுக்கும் மாமா கத்தல." அவன் மற்ற நேரம் என்னை மச்சான் என்பான், அக்காவிடம் பேசும்போது மட்டும் மாமா ஆகிவிடுவேன். ஒரு மணி நேரத்தில் என் போனுக்கு அவள் செய்தி வந்தது. நான்கு மாதத்தில் அவளாக அனுப்பிய முதல் செய்தி. "தம்பி சொன்னான். ரொம்ப சந்தோஷம்."

அதைப் படித்துவிட்டுப் போனை மெத்தையில் எறிந்தேன். அந்த நான்கு வார்த்தைக்குத்தான் முப்பத்தொரு நாள் காய்ந்து கிடந்தேன். ஒருத்தர் கை கிழிந்ததற்கு எனக்குப் பரிசு. கத்தினால் கெட்டவன். கத்தாமல் நின்று வேடிக்கை பார்த்தால் நல்லவன். இது என்ன கணக்கு?

அவளுக்கு அதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சந்தோஷம் என்கிறாளே, இருக்கட்டும், இன்னும் பதினேழு நாள்தானே என்று விட்டுவிட்டேன். கோழைத்தனம், வேறு பெயர் இல்லை.

நாற்பத்தைந்தாவது நாள் தூரத்து ஓட்டம். தாசேக் கெலுகோர் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் வேலை பார்க்கிற ஐந்து பேர். நல்ல மனிதர்கள், சோறு கறி எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஏறினதிலிருந்து பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள். கெண்டித் தீவைத் தாண்டினபோது கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி இருந்தது. காலையில் தென்னை ஓலையைக் கட்டி மூழ்கடித்து மீன் சேர்க்கிற ஓரிடத்தில் படகை மிதக்கவிட்டு இரண்டு தெங்கிரி, அதாவது வஞ்சிரம், பிடித்தோம். பிறகு பழைய கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிற இடத்துக்குப் போனோம். அங்கே மிதக்க முடியாது, நங்கூரம் போட்டாக வேண்டும். நாற்பது மீட்டருக்கு மேல் ஆழம். இரும்பு இறங்குகிற வேகத்தில் கயிறு பாம்பு மாதிரிச் சுருளிலிருந்து பறக்கும். அந்த நேரத்தில் முன்பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிடுவோம். சொன்னோம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மச்சினன் இரும்பைத் தண்ணீரில் விட்டான். கயிறு ஓட ஆரம்பித்தது. அப்போது அந்த ஐவரில் ஒருவர், தோட்டத்தில் மேற்பார்வையாளராம், ஐம்பது வயதிருக்கும், நங்கூரம் இறங்குவதைப் போனில் படம் பிடிக்க முன்பக்கம் போய்விட்டார். மச்சினன் தண்ணீரைப் பார்த்துக் குனிந்திருந்தான். இவருடைய வலது கால் சுருளுக்கு நடுவில் நின்றது. கயிறு குறைந்துகொண்டே வந்தது. அடுத்த சுற்று அவர் கணுக்காலில்தான் இறுகும். இறுகினால் கால் போகும், இல்லை ஆளே இரும்போடு கீழே போவார்.

நான் கத்தினேன்.

யோசித்துக் கத்தவில்லை. முருகனும் இல்லை, மனைவியும் இல்லை, நாளும் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. "காலைத் தூக்குடா!" என்று தொடங்கி அவர் அம்மாவில் போய் முடிந்தது. மனிதர் துள்ளினார். செருப்பு மாட்டிக்கொண்டது. கயிறு அதைக் கவ்வி, படகின் விளிம்பில் அறைந்து, தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது. அவர் வெறுங்காலோடு பலகையில் உட்கார்ந்துவிட்டார். போன் இன்னும் கையில்தான் இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் நிறுத்தவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு முன்பக்கம் போய் அவர் தலைக்கு நேரே நின்று கத்தினேன். மாடு என்றேன். உன்னைப் பெற்றவள் என்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். கால் தப்பிவிட்டது, ஆபத்து முடிந்துவிட்டது, என்ஜின்கூட ஓடவில்லை. கடல் அவ்வளவு அமைதி, என் குரல் எனக்கே கேட்டது. நாற்பத்தைந்து நாள் அடைத்து வைத்ததை எல்லாம் அந்த மனிதர் தலையில் கொட்டினேன். உண்மையைச் சொன்னால் சுகமாக இருந்தது.

அவருடைய கூட்டாளி ஒருவர் எழுந்தார். "போதும் அண்ணே. தப்பு எங்க மேலதான். அதுக்காக அம்மாவ எல்லாம் இழுக்காதீங்க. நாங்க உங்க வீட்டு ஆளுங்க இல்ல."

அப்போதுதான் வாயை மூடினேன்.

அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை. மீன் நன்றாகத்தான் கடித்தது, யாருக்கும் சந்தோஷம் இல்லை. திரும்பி வரும் வழியில் மச்சினன் சுக்கான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், நான் அக்காகிட்ட சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"நீங்க கத்தலன்னா அவரு செத்திருப்பாருலா. இன்னும் மூணு நாள். நான் நல்லா இருந்துச்சுன்னு அனுப்பிடுறேன். முருகனுக்குத் தெரியும்."

"முதல்ல கத்துனதுக்கு நீ சொல்றது சரி. அப்புறம் கத்துனேனே, அது எதுக்கு?"

அவன் கடலைப் பார்த்தான். "அது... நீங்க அப்படித்தான் மச்சான்."

அன்று அவன் எதுவும் அனுப்பவில்லை. நானும் அனுப்பச் சொல்லவில்லை. இரவெல்லாம் புரண்டேன். மூன்று நாள் பொத்தி வைத்தால் அவள் வருவாள். வந்த பிறகு ஒவ்வொரு நாளும் மச்சினன் முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, பயந்துகொண்டிருக்கவும் பொறுமை வேண்டும்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குச் செபராங் ஜெயா போனேன். முதல் தடவையாக வண்டியை அந்த வாசலில் நிறுத்தினேன். அவள் கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செம்பிலாங் கதையையும் சொன்னேன், நான் பார்த்துக்கொண்டு நின்றதையும் சேர்த்து. கயிறு, செருப்பு, அம்மா, ஐந்து நிமிடம், எல்லாம்.

"அந்த மொத ஆளு கை எப்படி இருக்கு?" என்றாள்.

"தெரியல. போன எடுக்கல."

"நான் சந்தோஷம்னு மெசேஜ் அனுப்புனப்ப ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த."

நான் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஆபத்துக்குக் கத்துறத நான் எப்ப வேணாம்னேன்?" என்றாள். பிறகு அவளே, "ஆமா, வேணாம்னுதான் சொன்னேன். அது தப்பு," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதோடு விடவில்லை. "அந்த அஞ்சு நிமிஷம் உங்க தப்பு. நேத்து வந்த ஆளு நம்பர் இருக்குல்ல? போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கூடாது என்று வேண்டினேன். எடுத்துவிட்டார்.

"யாரு?"

"அண்ணே, நேத்து வந்த போட்டு தெக்கோங் பேசுறேன்."

"ஓ. இன்னும் திட்ட பாக்கி இருக்கா?"

கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல அண்ணே. மன்னிப்பு கேக்கணும்."

"எதுக்கு? என் கால காப்பாத்துனதுக்கா?"

"அதுக்கு இல்ல. அதுக்குக் கேக்க மாட்டேன். அப்புறம் திட்டுனதுக்கு. உங்க அம்மாவச் சொன்னதுக்கு."

அவருக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"எங்கம்மா இங்கதான் உக்காந்திருக்கு. குடுக்கட்டுமா?"

"வேணாம் அண்ணே."

"பயமா?"

"ஆமா."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. "வீட்ல இதெல்லாம் சொல்லல தெக்கோங். சொன்னா இனி கடலுக்கே விடமாட்டாங்க. ஆனா எங்க ஆளுங்க உங்க போட்டுக்கு இனி வரமாட்டாங்க, அதயும் சொல்லிடுறேன். நான் மட்டும் வரலாம். தெரியல. பாப்போம்." வைத்துவிட்டார்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், மன்னித்தாளா இல்லையா என்று அந்த முகத்தில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, என்றைக்கும் தெரிந்ததில்லை.

"பால்குடம்?" என்று கேட்டேன். "விரதம்தான் முறிஞ்சு போச்சே."

"எடுக்கிறதும் எடுக்காததும் உங்களுக்கும் சாமிக்கும் உள்ளது. என்ன ஏன் கேக்குறீங்க?"

"அப்ப நீ?"

"சனிக்கிழமை வரேன். எல்லாத்தையும் தூக்கிட்டு வரல. ஒரே ஒரு பை. ரெண்டு நாளைக்குத் துணி."

"அப்புறம்?"

"அப்புறம் திங்கக்கிழமை வேலை இருக்கு. இங்கயே வந்துடுவேன். அடுத்த சனிக்கிழமை வர்றதா வேணாமான்னு அப்ப பாப்பேன்."

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு வாரத்தில் இரண்டு நாள். இது என்ன ஏற்பாடு என்று தொண்டை வரைக்கும் வந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன். இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால் அதைக் கேட்டிருப்பேன், அதுவும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்டிருப்பேன்.